தரையை விடாத வலது கால்

1

நான் இந்த நாட்டில் வந்து இறங்கிப் பதினெட்டு வருஷம் நிறைந்த அன்றுதான் அந்தச் செய்தி வந்தது. வருஷா வருஷம் அந்த நாளில் சேமியா பாயசம் வைப்பேன். பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. இன்னும் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான். பால் பொங்கி வருகிற நேரத்தில் கைப்பேசி மணியடித்தது. என் மகள் தர்ஷினியின் பள்ளியில் சாப்ட்பால் பழக்கும் ஆசிரியை அனுப்பியிருந்தார். மலாயில் நாலே வரி. இந்த வருஷப் போட்டிகளிலிருந்து விதி மாறுகிறது. பந்து வீசும்போது இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பலாம். இனி அது தப்பில்லை. கீழே சீல் வைத்த கடிதத்தின் படம் ஒன்று.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சீலைத்தான் பார்த்தேன்.

நல்ல செய்திதானே, இதற்கு ஏன் இவள் இப்படி இடிந்துபோய் நிற்கிறாள் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் துறையூர்ப் பக்கம் உட்கார்ந்து படிக்கிற உங்களுக்கு சாப்ட்பால் என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கே, இந்தப் பிள்ளையைப் பெற்று, அவள் பதின்மூன்று வயதில் உடம்பெல்லாம் சிவப்புச் சேறாக வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

2

நாங்கள் இருப்பது கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில். என் வீட்டுக்காரர் குணா தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகிற வேலை. நான் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, ரவிக்கை, கிழிந்த மழைச்சட்டை, எது வந்தாலும் தைப்பேன்.

சாப்ட்பால் கிட்டத்தட்ட கிரிக்கெட் மாதிரி. ஒருத்தி வீசுவாள், ஒருத்தி கட்டையால் அடிப்பாள், அடித்துவிட்டு ஓடுவாள். ஆனால் பந்தைத் தோளுக்கு மேலிருந்து வீசக்கூடாது. கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தொடைக்குப் பக்கத்திலிருந்து விட வேண்டும். வீசுகிறவள் தரையில் பதித்த ஒரு வெள்ளைப் பட்டையில் நின்று, வலது காலால் அதை உந்தி முன்னால் பாய்வாள். அப்படிப் பாயும்போது வலது காலின் நுனி தரையை உரசிக்கொண்டே வரவேண்டும் என்பது பழைய விதி. இரண்டு காலும் ஒரே நேரத்தில் காற்றில் இருந்தால் தப்பு. எதிராளிக்கு அது லாபம். ஏற்கெனவே ஓடி வந்து நிற்கிறவர்கள் சும்மா நடந்தே அடுத்த இடத்துக்குப் போய்விடலாம்.

தர்ஷினி பறப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பட்டையை உதைத்தாள் என்றால் இரண்டு காலும் தரையில் இருக்காது. அவள் கையிலிருந்து பந்து கிளம்புவது தெரியாது, பிடிக்கிறவள் கையுறையில் 'பட்' என்று சத்தம் கேட்டால்தான் போய்விட்டது என்று தெரியும். இங்கே மாவட்டத்துக்குள் யாரும் அவள் காலைப் பார்க்கவில்லை. பந்தைத்தான் பார்த்தார்கள்.

பதினாலு வயதில் மாநில அணித் தேர்வுக்குக் குவாந்தான் போனோம். அங்கே நடுவர் பார்த்துவிட்டார். முதல் பந்து, கையை நீட்டி, "இல்லீகல்!" இரண்டாவது, "இல்லீகல்!" அன்று அவள் வீசியதில் ஏழு பந்துகளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. எதிரணிப் பிள்ளைகள் ஓடக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே நடந்து போனார்கள். என் பிள்ளை நடுவில் நின்று, தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு அதிகாரி நல்ல மனுஷி. என்னிடம் வந்து, வேகம் அபாரம், காலைச் சரிசெய்து கூட்டிவாருங்கள், மாநில அணியிலும் விளையாட்டுப் பள்ளி விடுதியிலும் அவளுக்கு இடம் நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"காலச் சரி பண்ணிட்டா போச்சு" என்றேன் திரும்பி வரும்போது.

"மெல்லமா செய்யலாம் லா. புள்ள சின்னது" என்றார் குணா.

மெல்லமா? அந்தச் சொல்லே எனக்கு ஆகாது.

3

ஏன் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் முதல் பத்து வருஷம் நான் வருஷத்துக்கு ஒருமுறை, இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பித்தவள். புருஷன் கூடவே வரவேண்டும். அவர் ஒருநாள் லோரியை நிறுத்திவிட்டு வரவேண்டும். நீல மையில் பூர்த்தி செய்தால், கறுப்பு மையில் எழுதி வா என்பார்கள். கறுப்பில் எழுதிப்போனால், படத்தின் பின்னணி நிறம் சரியில்லை என்பார்கள். போன வருஷம் செல்லுபடியான காகிதம் இந்த வருஷம் செல்லாது. ஏன் என்று கேட்க எனக்கு மலாய் வராது. வந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஒரு வருஷம், முந்தின தடவை கவுன்டரில் யாரோ, "ஒரு வாரம் தள்ளி வந்தாலும் பரவால்ல" என்று வாயால் சொன்னதை நம்பி, மூன்று நாள் பிந்திப் போனேன். தர்ஷினி அப்போது கைக்குழந்தை. இந்தத் தடவை வேறு ஆள். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னார். இல்லீகல். திட்டவில்லை, சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது, அபராதம் கட்டி வந்துவிட்டோம். ஆனால் அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஒருத்தர் வாயால் சொன்னது எதுவும் செல்லாது. கையில் சீல் வைத்த காகிதம் இருந்தால்தான் அது விதி. வந்தேறிப் பிழைக்கிறவளுக்குக் காகிதத்தில் உள்ளதை ஒரு முடி பிசகாமல் செய்வதுதான் பாதுகாப்பு.

குவாந்தானில் ஏழு தடவை அந்தச் சொல் என் பிள்ளையின் மேல் விழுந்தபோது எனக்கு அந்தக் கவுன்டர்தான் ஞாபகம் வந்தது. இவள் இங்கே பிறந்தவள், குடிமக்களுக்குக் கொடுக்கிற நீல அடையாள அட்டை வைத்திருப்பவள், என் பயம் இவளுக்கு எதற்கு? அப்படியெல்லாம் அன்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

4

லைனுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், கொஞ்சம் சமதரை உண்டு. அங்கே மிதியடி ரப்பரில் ஒரு பட்டையை வெட்டி ஆணியடித்தேன். குணா எதிரே வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து பந்து பிடிப்பார். ஆனால் கால் உரசுகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது கண்ணிமைக்கிற நேரம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரிய மூளை என்று நினைத்துக்கொண்டேன்.

கோலமாவு. பட்டைக்கு முன்னால், அவள் பாய்கிற தூரம் முழுக்க, மாவை மெல்லிசாகத் தூவிவிடுவேன். வலது கால் நுனி உரசிக்கொண்டு போனால் மாவில் ஒரு கோடு விழும். கோடு முழுசாக விழுந்தால் பந்து சரி. நடுவில் அறுந்திருந்தால் அந்த இடத்தில் கால் எழும்பிவிட்டது என்று அர்த்தம், அந்தப் பந்து கணக்கில்லை, இன்னொன்று வீச வேண்டும். தினமும் பள்ளி விட்டு வந்ததும் அறாத கோடு நூறு விழுந்தால்தான் சாப்பாடு.

மழை நாளில் மாவு கரைந்து ஓடிவிடும். அதற்காக விட்டுவிடுவேனா? லோரி கொட்டகையில் போய்த் தூவுவேன்.

"அம்மா, கோடு இருக்கு பாரு!"

"எங்க இருக்கு? இங்க அந்து கெடக்கு. போடு இன்னொன்னு."

"கொஞ்சூண்டுதாம்மா..."

"கொஞ்சம் தப்புன்னு ஒண்ணு இல்ல. தப்புன்னா தப்பு. போடு."

ஷூவின் நுனி மாதம் ஒன்றில் தேய்ந்து ஓட்டையாகும். இங்கே சப்பாத்து என்பார்கள். நான் இன்னும் ஷூ என்கிறேன், அவள் சிரிப்பாள். பழைய மோட்டார் டயரிலிருந்து ஒரு துண்டு வெட்டி, மொத்த ஊசியால் அந்த நுனியில் வைத்துத் தைத்துக்கொடுப்பேன். எத்தனை துண்டு தைத்திருப்பேன் என்று நினைவில்லை. டயரே தேய்கிறது, உள்ளே இருக்கிற விரல் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்ற வேண்டாமா? காலுறை துவைக்கும்போது நுனியில் ரத்தக்கறை இருக்கும். பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், பார்த்தேன். ஷூ கடித்திருக்கும் என்று உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அவள் என்னிடம் எதையும் சொல்லுவதை எப்போது நிறுத்தினாள் என்பதும் எனக்குத் தெரியாது. பத்து வயது வரை காக்கை மாதிரிக் கத்திக்கொண்டே இருந்த பிள்ளை. இப்போது சிநேகிதிகளோடு மலாயில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். நான் கிட்டே போனால் தமிழுக்கு மாறி இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வாள். வயசு அப்படி என்று நினைத்தேன்.

எட்டு மாதத்தில் கோடு அறுவதே நின்றுபோனது. நூற்றுக்கு நூறு. கையுறையில் கேட்ட அந்த 'பட்' சத்தமும் இல்லை. குணா ஒருநாள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முந்தி கை எரியும் மல்லி, இப்ப எரிய மாட்டுது" என்றார். நான் அவரை முறைத்த முறைப்பில் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

5

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைத்தான் எழுதக் கூசுகிறது.

போன வருஷம் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். பத்து நிமிஷம் உட்கார்ந்தார். வெளிநாடுகளில் இந்த விதியைத் தளர்த்திவிட்டார்களாம், இங்கேயும் சீக்கிரம் வரலாம் என்று பேச்சு. எழும்பிப் பறக்கலாம், ஆனால் நடுவில் காலை ஊன்றி இரண்டாவது தடவை உந்தக்கூடாது, அவ்வளவுதான். தர்ஷினி பறக்கிறதை முழுசாக விட்டுவிட வேண்டாம், வாரத்தில் ஒருநாளாவது அவள் இஷ்டத்துக்கு வீசட்டும் என்றார். எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாக, சின்னச் சின்ன மலாய் வார்த்தையாகத்தான் சொன்னார். எல்லாம் புரிந்தது.

"காகிதம் வந்திருக்கா?" என்று கேட்டேன்.

இன்னும் வரவில்லை, பேச்சுதான் என்றார்.

"காகிதம் வரட்டும், பாப்போம்."

தர்ஷினி கதவுப் பக்கம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, நான் வாயைத் திறந்ததும் போய்விட்டதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு மாலையும் நூறு கோடு.

6

காகிதம் வந்துவிட்டது. பாயசம் வைத்த அன்று. தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் வயதுக்கு இதுதான் கடைசித் தேர்வு.

பள்ளி விட்டு வந்தவளிடம் கைப்பேசியைக் காட்டினேன். படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இனி பறக்கலாம்டி! உன் இஷ்டம்! வா, இன்னிக்கே போடு, மாவு கீவு ஒண்ணும் வேணாம்."

பட்டையில் நின்றாள். கையைச் சுற்றினாள். வலது கால் தரையைக் கீறிக்கொண்டு வந்தது. மறுபடி. மறுபடியும் அதே. குணா வாளியிலிருந்து எழுந்து நின்றார். நான் கயிறு கட்டி, இதைத் தாண்டிப் போடு என்றேன். கயிறு அறுந்தது. செங்கல் வைத்தேன். செங்கலில் இடித்துக்கொண்டு விழுந்தாள்.

"எகிறுடி! முந்தி எகிறுனியே, அந்த மாதிரி! நெனச்சுப் பாரு!"

தரையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள்.

"நெனச்சாச்சும்மா. மண்ட எகிறுன்னு சொல்லுது, காலு கேக்க மாட்டுது. நான் என்னா செய்ய? நீதானே வேணாம்னு சொன்னே!"

அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

விழுந்த காலைக் காட்ட மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நம் ஆள்தான், ஜொகூர் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த பெண். கட்டைவிரலை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது நேற்று விழுந்ததால் வந்தது இல்லை என்றார்.

"எத்தன நாளா வலி, தங்கச்சி?"

"ரெண்டு வருஷம்."

"வீட்டுல சொல்லலியா?"

தர்ஷினி என்னைப் பார்க்காமல், "சிகுக்குத் தெரியும்" என்றாள். சிகு என்றால் இங்கே ஆசிரியர். என்னிடம் சொல்லாத வலியை அவள் மலாயில் சொல்லியிருக்கிறாள்.

மூட்டு தேய்ந்து இறுகிவிட்டதாம். ஓய்வு, மருந்து, பயிற்சி, அப்புறம் பார்க்கலாம், பழையபடி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தேர்வு வேணாம்மா, போக வேணாம். நான் பாவி, என்னை மன்னிச்சிரு" என்றேன். ரோட்டில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷம் போட்டேன்ல? இன்னும் ஒரு நாளு போட மாட்டேனா?"

7

குவாந்தானில் அன்று நல்ல வெயில். மலையில் இருக்கிறவர்களுக்கு அந்த வெயிலே பாதி உயிரை எடுத்துவிடும்.

தர்ஷினிக்கு முன்னால் வீசியவள் சூ லிங். லெம்பா பெர்த்தாமில் காய்கறி போடுகிறவர்களின் மகள். எங்கள் மாவட்டம்தான், வேறு பள்ளி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே நடுவர் கை நீட்டியதில் இவளும் மாட்டியவள். அவள் அம்மா கியா பார்மில் ரோட்டோரம் கடை வைத்திருக்கிறாள். நானே அவளிடம் சோளம் வாங்கியிருக்கிறேன். ஒருதடவை அவளிடம் இந்தக் கால் விஷயத்தைப் பேசியபோது, மகள் எந்தக் கையால் வீசுகிறாள் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. என்ன தாய் இவள் என்று நான் மனசுக்குள் ஏசினேன். மகள் பாட்டுக்கு எகிறிக் குதித்து வீசிக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒருத்தியும் தடுக்கவில்லை. இன்று அவள் பட்டையை உதைத்தபோது இரண்டு காலும் காற்றில் இருந்தன. பந்து போய் விழுந்த சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

அடுத்து என் பிள்ளை. பத்துப் பந்து. பத்தும் நேராகப் போயின. பத்துக்கும் கால் தரையிலேயே வந்தது. ஒன்றுக்குக்கூட யாரும் கை நீட்டவில்லை. அடிக்க நின்றவள் நிதானமாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள்.

அதே தேர்வு அதிகாரி. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு வந்தார். அவள் கால் எவ்வளவு சுத்தம், பழைய விதிப் புத்தகத்தில் போட்டுக்காட்டலாம், நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள் என்றார். மனசாரப் பாராட்டத்தான் சொன்னார். பெயர்ப் பட்டியலை வாசித்தார்கள். சூ லிங் பெயர் இருந்தது.

வேனில் ஏறும்போது தர்ஷினி ஷூவைக் கழற்றி என் மடியில் வைத்தாள். நான் தைத்த டயர்த் துண்டு பாதி தேய்ந்திருந்தது. ஒரு வார்த்தை திட்டிவிடு தாயே என்று கெஞ்ச வேண்டும் போலிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள்.

8

இன்று திங்கட்கிழமை. காலையில் எழுந்ததும் கை பழக்கத்தில் மாவு டப்பாவைத் தேடியது. இதை இனித் தொடுவதா என்று நின்றேன். ஊரிலிருந்து வந்த நாள் முதல் ஒருநாள்கூட வாசலை வெறுமனே விட்டதில்லை. பனி விலகாத நேரம். தண்ணீர் தெளித்து, சின்னதாக ஒரு கோலம் போட்டேன்.

தர்ஷினி சீருடையில் வெளியே வந்தாள். பள்ளி பஸ் திருப்பத்தில் ஹார்ன் அடித்தது. அவள் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

"போய்ட்டு வரேம்மா."

"பாத்துப் போடா."

கோலத்தை மிதித்துக்கொண்டு போய்விட்டாள். குழந்தையிலிருந்தே கவனம் கிடையாது, எத்தனையோ நாள் இதற்கு ஏசியிருக்கிறேன். அவள் பஸ்ஸில் ஏறிய பிறகு குனிந்து பார்த்தேன். இடது காலின் தடம் தனித்தனியாக இருந்தது. வலது காலுக்குத் தடம் இல்லை. நிலைப்படியிலிருந்து கோலத்தின் நடுவாக, ஈரத்தரை முடிகிற இடம் வரை ஒரே கோடு. குனிந்து நுனியிலிருந்து நுனி வரை பார்த்தேன். ஒரு இடத்தில்கூட அறுந்திருக்கவில்லை.